அறுபத்தோராம் ஸ்லைட்டில் இருந்தவர்

ஆய்வுகூடத்தில் வேலை என்று சொன்னால் ஆட்கள் கொஞ்சம் மரியாதையாகப் பார்ப்பார்கள். அங்கே கண்ணாடி கழுவுகிற வேலை என்று சொன்னதும் பார்வையைத் திருப்பிக்கொள்வார்கள். தொண்ணூறாம் ஆண்டிலிருந்து பதினொரு வருடம் வன்னியில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் அந்த வேலை செய்தேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். ஒரு முறையாவது விரலை நீட்டிக் குத்து வாங்கி, முடிவு எழுதிய துண்டு வருமட்டும் வாசல் மர வாங்கிலில் குந்தியிருந்த நீங்கள் எல்லோரும் என் ஆட்கள்தான். நீங்கள் வாங்கிலில் பட்ட பாட்டை நான் தண்ணீர்த் தொட்டியடியில் பட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

என் பெயர் முத்தையா. படிப்பு ஐந்தாம் வகுப்பு, அதுவும் ஹற்றன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில். எழுபத்தேழுக் கலவரத்தோடு வன்னிக்கு வந்து சேர்ந்தோம். எனக்கு ஆட்களோடு கதைக்க வராது, எண்ண வரும். ஆய்வுகூடத்துக்கு அப்படி ஒருவர் போதும் என்று டொக்டர் நினைத்திருக்க வேண்டும்.

மப்பு நாளில் வந்த காய்ச்சல்

மின்சாரம் இல்லாத ஊரில் நுணுக்குக்காட்டிக்குச் சூரியன்தான் விளக்கு. அடியில் ஒரு சிறிய வட்டக் கண்ணாடி இருக்கும். அதை யன்னல் பக்கம் திருப்பி, வெயிலைப் பிடித்து மேலே அனுப்ப வேண்டும். ஆய்வுகூடத்தை நடத்திய ரஞ்சி மிஸ் ஒரு கண்ணை மூடாமலே மற்றக் கண்ணால் பார்ப்பா. இரத்தத்தில் மலேரியாக் கிருமி இருந்தால் எனக்குச் சொல்லுவா, நான் கொப்பியில் எழுதுவேன். கார்த்திகை மாதம் வானத்தை மேக மப்பு மூடினால் இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு இருப்போம். வாங்கிலில் காய்ச்சல்காரர் நடுங்கிக்கொண்டு இருப்பார்கள்.

அப்படி ஒரு நாள் காலை எட்டு மணியிலிருந்து பின்னேரம் மூன்று மணி வரை இருந்த ஒரு பெரியவர் எழும்பி வந்து யன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "வெயில் எறிச்சாத்தான் எனக்கு மலேரியா எண்டால், நான் வீட்டை போய் மழைக்குள்ள சுகமாய் இருக்கிறன் தம்பி."

கட்டிலுக்கு முட்டு

இரத்தத்தைப் பூசிப் பார்க்கிற மெல்லிய கண்ணாடித் துண்டுக்குத்தான் ஸ்லைட் என்று பெயர். மற்ற ஊர்களில் ஒரு முறை பாவித்துவிட்டு எறிவார்களாம். யுத்தத் தடையால் எங்களுக்கு வர வேண்டிய பெட்டிகள் வவுனியாவைத் தாண்டி வருவதில்லை. ஆகவே நூற்றெண்பது ஸ்லைட்டையும் கழுவிக் கழுவித்தான் பாவித்தோம். ஒரு நாளைக்கு முப்பது. ஆறு வேலை நாளில் ஒரு சுற்று. ஒரு நாள் எண்ணிப் பார்த்தால் நூற்றெழுபத்தெட்டுத்தான் இருந்தது. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் பெண்கள் வார்டைக் கூட்டுகிறபோது, ஆடுகிற கட்டில் ஒன்றின் காலுக்குக் கீழே இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. உடையவுமில்லை. அன்றைக்கே உடைந்த அரம் ஒன்றின் முனையால் ஒவ்வொரு ஸ்லைட்டின் ஓரத்திலும் இலக்கம் கீறினேன். யாருடைய இரத்தம் எந்த இலக்கத்தில் என்று கொப்பியில் தனிக் கோடு போட்டு எழுதத் தொடங்கினேன். வார்டு நேர்ஸ் நான் கட்டிலடியில் ஊர்ந்ததைப் பார்த்துக்கொண்டுதான் நின்றா. "கட்டில் ஆடாமல் இருந்ததால ரெண்டு பேருக்குக் காய்ச்சல் விட்டது முத்தையா அண்ணை. உங்கட மிஸ் அந்தக் கண்ணாடியில எத்தினை பேரைச் சுகப்படுத்தினவ?"

பதினாறு நூல்

ரஞ்சி மிஸ் பின்னேரங்களில் உயர்தரப் பிள்ளைகள் ஒன்பது பேருக்கு உயிரியல் படிப்பித்தா. கலம் இரண்டாகப் பிரிவதைக் காட்ட ஒரு வெங்காயம் வேண்டும் என்றா. வெங்காயத்தைத் தண்ணீரில் வைத்து, முளைத்த வேரின் நுனியை வெட்டி, வினாகிரியில் ஊறவைத்து, காயத்துக்குப் பூசுகிற ஊதா மருந்து ஒரு சொட்டு விட்டு நசுக்கினா. பிள்ளைகள் போன பிறகு என்னையும் பார்க்க விட்டா. ஊதா நூல்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. நிறமூர்த்தம் என்று பெயர். எண்ணினேன், பதினைந்து. "பதினாறு இருக்க வேணும், திரும்ப எண்ணுங்கோ" என்றா. ஒன்றுக்குக் கீழே ஒன்று ஒளித்திருந்தது. பதினாறு.

மனிதனுக்கு நாற்பத்தாறாம். ஒரு கலம் இரண்டாகுமுன் அந்த நூல்களில் உள்ள அவ்வளவையும் ஒரு பிரதி எடுக்க வேண்டும். அறுநூறு கோடி எழுத்து. எழுதுகிற கையே பின்னால் ஒரு முறை திரும்பிப் பார்த்துப் பிழையைத் திருத்தும். அது தவறவிட்டதைப் பிடிக்க இன்னொரு ஆள் பின்னால் வருவார். நூல் அறுந்திருந்தால் ஒட்டவும் ஆள் உண்டு. ஒருவராலும் திருத்த முடியாவிட்டால், பிரியாதே என்று கலத்துக்குக் கட்டளை போகும். கலம் தன்னைத்தானே முடித்துக்கொள்ளும். அந்தக் காவல்காரரை எழுதியிருக்கிற இடத்திலேயே பிழை வந்தால்தான் வினை. கலம் கேட்பாரில்லாமல் பிரிந்துகொண்டே போகும். அதுதான் புற்றுநோய் என்றா மிஸ். எங்கள் ஆஸ்பத்திரிக் கந்தோரில் எழுதிய கடிதத்தை ஒருவர்கூட இரண்டாம் முறை பார்ப்பதில்லை. ஒரு துளி இரத்தத்துக்குள் இவ்வளவு ஒழுங்கு என்றால் எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

வெங்காயம் குசினியிலிருந்து வந்தது என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். ஆஸ்பத்திரிக் குசினியில் சமைக்கிற கந்தசாமி அதைத் தேடிக்கொண்டு வந்தான். பதினாறு நூல் விஷயத்தை நான் எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். வேர் வெட்டிய வெங்காயத்தைக் கையில் வாங்கி மணந்து பார்த்தான். "நாப்பத்தாறு நூல் உள்ள மனிசர் நூற்றிப்பத்துப் பேருக்குச் சாம்பார் வைக்கிறன். அதில ஒருத்தரும் என்ர வெங்காயத்தில நூல் எண்ணக் கேக்கேல்லை."

நூறு மட்டும்

இரத்தத்தில் செங்குழியம், வெண்குழியம் என்று இரண்டு சாதி. வெண்குழியத்திலும் ஐந்து வகை. டொக்டர் கேட்டால் நூறு வெண்குழியத்தை எண்ணி வகை பிரிக்க வேண்டும். மிஸ் நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்துக்கொண்டு வகையைச் சொல்லச் சொல்ல நான் கொப்பியில் கோடு போடுவேன். நூறாவது கோட்டில் "சரி மிஸ்" என்பேன். சாதாரண ஆளுக்கு நூறு சேர ஸ்லைட்டில் முப்பது நாற்பது இடம் நகர வேண்டும். அந்தக் கணக்கையும் நான் பக்கத்தில் சிறிதாக எழுதி வைப்பேன். யாரும் கேட்டதில்லை.

இதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனுசி, தன்னுடைய இரத்தம்தான் எண்ணப்படுகிறது என்று தெரிந்ததும் உள்ளே எட்டிப் பார்த்தா. "நூறோட நிப்பாட்டிப்போட்டியள். நூற்றியோராவதில வருத்தம் இருந்தால் அது ஆரின்ர பிழை?"

சாம்பல்

ஒரு மாசி மாதம் சவர்க்காரம் இல்லாமல் போனது. கடையிலும் இல்லை, ஆஸ்பத்திரி ஸ்டோரிலும் இல்லை. கந்தசாமி குசினிச் சாம்பலை அரித்துத் தந்தான், தேசிக்காய்த் தோலும் தந்தான். ஸ்லைட்டின் ஓரத்தைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு தேய்த்தேன். கையில் பிடித்திருக்கிற ஓரத்தில்தான் இலக்கம் இருக்கும். இலக்கம் தெரியப் பிடித்தால் ஒழுங்கு குழம்பாது. தேய்த்து, அலசி, வெயிலில் அடுக்கினேன். பளபளவென்று இருந்தன. சவர்க்காரத்தைவிட இது நல்லது என்றுகூட நினைத்தேன்.

அடுக்கி வைத்ததைக் கந்தசாமி ஒன்றை எடுத்து வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தான். "சட்டி கழுவுற சாம்பல் அண்ணை. அடிப்பிடிச்சது போகாது, சொல்லிப்போட்டன்."

பிலோமினா

கொக்கிளாயிலிருந்து இடம்பெயர்ந்து முல்லைத்தீவுக் கரையில் இருந்தவ பிலோமினா. கருவாடு விற்பவ. புருஷன் கடலுக்குப் போகிறவர், பிள்ளைகள் மூன்று. ஒன்றைவிட்டொரு நாள் காய்ச்சல், முகம் வெளிறிப்போய் இருந்தது. டொக்டர் இரத்தத்தை எண்ணச் சொன்னார். வியாழக்கிழமை. ஸ்லைட் இலக்கம் அறுபத்தொன்று.

மிஸ் கண்ணை வைத்து, வெயில் பிடிக்கிற வட்டக் கண்ணாடியை இன்னொரு தரம் திருப்பினா. பிறகு சொல்லத் தொடங்கினா. நான் கோடு போட்டேன். முதிராத வெண்குழியங்கள், அரைகுறையாய் முதிர்ந்தவை, முதிர்ந்தவை எல்லாம் ஒரே நெரிசல். மூன்றே இடத்தில் நூறு வந்துவிட்டது. டொக்டரும் வந்து அதே இடத்தைப் பார்த்தார். இரத்தப் புற்றுநோய் போலத் தெரிகிறது, கொழும்புக்குப் போக வேண்டும், திங்கட்கிழமை அம்புலன்ஸில் ஓர் இடம் இருக்கிறது, ஓமந்தை வழியாக வவுனியாவுக்கு விடுவோம், அங்கிருந்து ரயில் என்று பிலோமினாவைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார். போர் எல்லையைத் தாண்ட இந்தப் பக்கப் பாஸுக்கும் அந்தப் பக்கப் பாஸுக்கும் கடிதம் எழுதினார். அவ அழவில்லை. சேலைத் தலைப்பை மடித்து மடித்து விரித்தா. "போனால் திரும்பி வாறதோ இல்லையோ எண்டதை மட்டும் சொல்லுங்கோ டொக்டர். பிள்ளையள் மூண்டையும் ஒரு வீட்டில விடுறதோ, மூண்டு வீட்டில பிரிச்சு விடுறதோ எண்டு நான் யோசிக்க வேணும்."

வாய் திறக்காத வெள்ளி

அந்த வியாழன் மூடுகிற நேரம் நான் அறுபத்தொன்றை எடுத்துப் பெட்டியில் வைக்கப் போனேன். அதற்கு முன் ஒரு தரம் பார்த்தேன். செய்யக்கூடாத வேலைதான். இலக்கம் இருந்த ஓரத்தில் நெரிசல். மற்ற ஓரத்துக்கு நகர்த்தினால் வெண்குழியம் அங்கொன்று இங்கொன்று. ஒரே மனுசி, ஒரே துளி. ஒரு பக்கம் திருவிழாக் கூட்டம், மறு பக்கம் நாலு பேர். ஐந்தாம் வகுப்புப் படித்தவனுக்கு இதெல்லாம் விளங்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பூட்டிவிட்டுப் போனேன். வெள்ளிக்கிழமை முழுக்க அந்தக் கணக்கு என் தலைக்குள் இருந்தது. மிஸ்ஸைப் பார்க்கிறபோதெல்லாம் வேறு பக்கம் திரும்பினேன். பிலோமினா புருஷனோடு வந்து பாஸுக்குப் படம் கொடுத்துவிட்டுப் போனா.

சனிக்கிழமை காலை ஸ்லைட் கழுவிக்கொண்டிருந்தேன். என் பெருவிரலைப் பார்த்தேன். சவர்க்கார நுரை விரலுக்கடியிலும் போயிருக்கும், சாம்பல் அங்கே படவே இல்லை. விரலை எடுத்து வெயிலுக்குப் பிடித்தால் ஓரத்தில் மங்கலாக ஒரு நீலப் படை, முந்திய ஆளின் இரத்தத்தில் ஏறிய சாயம். கை நனைந்தபடியே மிஸ்ஸிடம் போனேன். சொல்லி முடிக்க எனக்கு ஐந்து நிமிடம் பிடித்தது, நாலு வசனம்தான். மிஸ் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனா. அதே நாலு வசனத்தைத் திரும்பவும் சொன்னேன். டொக்டர் என் கையைப் பிடித்துப் பெருவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கொழும்பில பெரிய பெரிய ஆக்கள் புற்றுநோய் எப்பிடி வருதெண்டு ஆராய்ச்சி செய்யினம் முத்தையா. இந்த விரலைத் தெரியாமல் இருக்கினம்."

ஆரின்ர நோய்

டொக்டரின் மேசை லாச்சியில் ஒரு முறையும் பாவிக்காத ஸ்லைட் பன்னிரண்டு இருந்தன. பிலோமினாவுக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட்டு, புதுக் கண்ணாடியில் புதுத் துளி பூசினோம். நல்ல வெயில். நூறு சேர முப்பத்தெட்டு இடம். எல்லாம் முதிர்ந்த, ஒழுங்கான வெண்குழியங்கள். கூடவே மலேரியாக் கிருமி, படத்தில் கீறியதுபோல. குளிசை விழுங்கினால் போகிற காய்ச்சல்.

டொக்டர் அவவிடம் மன்னிப்புக் கேட்டார். நான் டொக்டருக்குப் பின்னால் நின்றேன். அவ என்னைப் பார்த்தா. என்னைத் திட்டப்போகிறா என்று நினைத்தேன். திட்டினால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தேன். அவவோ மேசையில் கிடந்த அறுபத்தொன்றைக் காட்டினா. "அது என்ர இல்லையெண்டால் ஆரோ ஒராளின்ர. அந்த ஆள் இப்ப தனக்கு ஒண்டுமில்லையெண்டு எங்கையோ நிண்டு வேலை செய்துகொண்டு நிக்குது. அதுக்கு ஆர் சொல்லுறது?"

ஒரு மணித்தியாலம் திருந்திய ஆள்

கொப்பியை எடுத்தேன். சவர்க்காரம் முடிந்த பிறகு அறுபத்தோராம் ஸ்லைட்டில் பிலோமினாவுக்கு முன் இரண்டே இரத்தம். முந்திய கிழமைச் சுற்றில் அக்கராயன் ஊர் வேலாயுதம். காய்ச்சல், மலேரியா இல்லை. அதற்கும் முந்திய சுற்றில் எங்கள் கந்தசாமி. காய்ச்சல், மலேரியா இல்லை. மலேரியா இருக்கிறதா இல்லையா என்றுதான் அந்த இரண்டு பேருக்கும் பார்த்தோம். வாங்கிலில் இருபது பேர் நடுங்கிக்கொண்டிருந்தால் கிருமியைத் தேடுகிற கண் வேறொன்றையும் தேடாது.

குசினிக்குப் போய்க் கந்தசாமியைக் கூட்டிவந்தேன். விஷயத்தைக் கேட்டதும் அகப்பையைக் கீழே வைத்தான். விரலைக் குத்திப் பூசி, சாயம் காய்ந்து, மிஸ் பார்த்து முடிய ஒரு மணித்தியாலம். அதற்குள் பெண்சாதியிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு மூன்றை என்னிடம் சொல்லி வைத்தான், குசினித் தேங்காய் விஷயம் ஒன்றையும் சொன்னான். மிஸ் தலையை நிமிர்த்தி, "உமக்கு ஒண்டுமில்லை" என்றா. கந்தசாமி எழும்பிச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டான். "முத்தையா அண்ணை, தேங்காய்க் கதையை அந்தக் கொப்பியில எழுதிப்போடாதையுங்கோ."

அக்கராயன் வயல்

வேலாயுதத்தைத் தேடி அன்றைக்கே சைக்கிளில் போனேன். எங்கள் ஆட்கள்தான்; தோட்டத்திலிருந்து வந்து, குளத்துக்குக் கீழே ஒன்றரை ஏக்கர் செய்கிறவர். நெல் முற்றி நின்றது. மேலுக்குச் சட்டை இல்லாமல் நின்றார். கை கால் மெலிந்து, இடப்பக்க வயிறு மட்டும் தள்ளிக்கொண்டிருந்தது. மண்ணீரல் வீங்கினால் அப்படி இருக்கும். வன்னியில் வயிறு வீங்கினால் மலேரியாக் கட்டி என்று எல்லோரும் சொல்லுவோம், டொக்டரும் சொல்லுவார். போன வருடத்திலிருந்து இருக்கிறதாம். நிவாரண மாவைத் தின்று தொந்தி வைத்துவிட்டார் என்றா அவருடைய மனைவி.

அந்த நோயின் பெயர் என் வாயில் வரவில்லை. டொக்டர் ஒரு தரம் பார்க்க வேண்டுமாம், திங்கட்கிழமை வண்டியில் இடம் இருக்கிறது, நாளைக்குத் திரும்ப இரத்தம் தர வேண்டும் என்று மட்டும் சொன்னேன். நெல் அறுக்காமல் அசைய மாட்டேன் என்றார். தவறினால் அடுத்த திங்கள். அந்த வண்டியும் பாதை திறந்தால்தான். நான் நின்றுகொண்டே இருந்தேன். போகச் சொன்னார், போகவில்லை. கடைசியில் எப்படியோ விஷயத்தைச் சொல்லிவிட்டேன். ஸ்லைட், பெருவிரல், முல்லைத்தீவு மனுசி எல்லாம். கேட்டுவிட்டு வரப்பில் இருந்து வெற்றிலை போட்டார். "ஒண்ணுமில்லேன்னு எழுதிக் குடுத்ததும் நீங்க. என் ரத்தத்தக் கொண்டுபோயி இன்னொரு பொம்பள தலையில வச்சதும் நீங்க. இப்ப கேன்சர்னு சொல்றதும் நீங்க. இதுல எந்த முத்தையாவ அண்ணே நான் நம்பறது?"

அறுவடைக்கு வந்த ஆய்வுகூடம்

நெல்தான் தடை என்றதால் ஞாயிற்றுக்கிழமை விடியக் கதிர் அரிவாளோடு போனேன். உயிர் தப்பிய சந்தோஷத்தில் கந்தசாமியும் வந்தான். வேலாயுதத்தின் மச்சான்மார் இரண்டு பேரும் சேர்ந்தார்கள். வேலாயுதம் சிரித்துவிட்டார், தானும் இறங்கினார். நாலு வரிசைக்கு ஒருமுறை இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்த்தேன். பத்து மணிக்குள் ஒன்றரை ஏக்கரில் அரைவாசிதான் விழுந்தது. மிச்சத்தை மச்சான்மார் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். வெயில் சாய்வதற்குள் அவரை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

கந்தசாமி அறுத்த வரிசையில் பாதிக் கதிர் நின்றது, மீதியை மிதித்திருந்தான். நான் கதிரை எண்ணாமல் விட்டாலும் நெற்கட்டுகளை எண்ணி அடுக்கினேன். நேரம் போனது அதில்தான். வேலாயுதத்தின் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து நாங்கள் அறுத்த பக்கத்தைப் பார்த்தா. "ரத்தம் பாக்கறவங்க கதிர் அறுக்க வந்ததை இப்பத்தான் பாக்குறேன். நீங்க ரத்தம் பாக்குற லட்சணமும் இதே மாதிரிதானா?"

மூன்று நாள் சுமந்தவ

புதுக் கண்ணாடி, புதுத் துளி. மிஸ் முதலில் ஒரு ஓரத்தைப் பார்த்தா, பிறகு மறு ஓரம், பிறகு நடு. எங்கும் நெரிசல். மூன்று இடத்தில் நூறு. நான் "சரி மிஸ்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லவில்லை; அவவாகவே நிறுத்தினா. டொக்டர் பிலோமினாவின் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு கடிதம் எழுதினார். பாஸுக்குத் தானே சைக்கிளில் போய், இரண்டு மணித்தியாலம் நின்று பெயரை மாற்றிக்கொண்டு வந்தார்.

திங்கட்கிழமை காலை பிலோமினா குளிசை எடுக்க வந்தவ, அம்புலன்ஸ் அடியில் நின்றா. கொழும்புப் பயணத்துக்கென்று அயலில் இரவல் வாங்கிய ஒரு தோல் பை கையில் இருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்கவில்லையாம், கேட்டுவிட்டுத்தான் கொண்டுவந்தாவாம். வேலாயுதத்தின் சாமான் உரப் பையில் கட்டியிருந்தது. இரண்டு பேரும் அதுவரை ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. அவவே கிட்டப் போய்ப் பையை நீட்டினா. "அண்ணை, மூண்டு நாள் உங்கட வருத்தத்தை நான் வைச்சிருந்தனான். பாரம் எனக்குத் தெரியும். கவனமாய்ப் போய்ட்டு வாங்கோ."

துண்டு மாறிய நூல்

இரண்டரை மாதத்துக்குப் பிறகு வேலாயுதம் திரும்பி வந்தார். வயிறு பாதி இறங்கியிருந்தது. கையில் குளிசைப் போத்தலும் ஒரு கடிதமும். மிஸ் கடிதத்தைப் படித்து எனக்கும் அவருக்கும் சேர்த்துச் சொன்னா. எலும்புக்குள் இருக்கிற மச்சையை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நாற்பத்தாறு நூலில் இரண்டு நூல் அறுந்து, ஒட்டுகிறபோது இதன் துண்டு அதிலும் அதன் துண்டு இதிலும் மாறி ஒட்டிவிட்டதாம். ஒரு கலத்தில் ஒருமுறை நடந்த பிழை. அந்தக் கலம் பிரிந்து, அதன் பிரதி பிரிந்து, ஒவ்வொன்றும் அதே பிழையை அச்சொட்டாகப் பார்த்து எழுதிக்கொண்டு வந்திருக்கிறது. குளிசை கூட்டத்தைக் குறைக்கும். நூலைத் திரும்ப மாற்றாது. வேலாயுதம் எல்லாம் கேட்டுவிட்டு, குளிசையைச் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று மட்டும் கேட்டார்.

மாதம் ஒருமுறை எண்ணிக்கைக்கு வருவார். நூறு சேர ஐந்து இடம், பிறகு பதினொன்று, பிறகு இருபத்தாறு. ஒரு மாதம் முப்பது வந்தபோது மிஸ் எழும்பி யன்னலுக்கு வெளியே கொஞ்ச நேரம் பார்த்தா. வண்டிக்குப் பாதை திறக்காத மாதங்களில் குளிசை இல்லாமல் அது திரும்பவும் இறங்கும். அதன் பிறகு அவர் வருடத்துக்கு ஒன்றாக ஆறு பெரும்போகம் அறுத்தார். கொழும்பு டொக்டர் கொடுத்த கணக்கு மூன்று போகம்தான்.

அந்த இடைக்காலத்தில் எங்களுக்குச் சவர்க்காரம் வந்தது. நான் ஸ்லைட்டைப் பிடிக்கிற முறையை மாற்றினேன். ஒரு முறை இலக்கப் பக்கம் பிடித்துத் தேய்ப்பேன், பிறகு திருப்பி மறு பக்கம் பிடித்துத் தேய்ப்பேன், அலசி வெயிலுக்குப் பிடித்து இரண்டு ஓரத்தையும் பார்ப்பேன். சந்தேகம் வந்தால் திரும்பவும் தேய்ப்பேன், அதற்கும் போகாததை உடைத்து எறிவேன். நூற்றெண்பது நூற்று முப்பதாகிவிட்டது. ஆறாவது போகம் முடிந்து வந்தபோது வேலாயுதம் வெகு நேரம் வாங்கிலில் சாய்ந்திருந்து நான் கழுவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளிறியிருந்தது, அந்த முறை எண்ணிக்கை நாலு இடம். அது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். "அவ்வளவு சுத்தமா கழுவாதீங்க அண்ணே. மூலையில கொஞ்சம் விட்டு வைங்க. என்னை மாதிரி ஒண்ணுமில்லேன்னு எழுதிக் குடுத்து அனுப்பின எவனாவது அதுல ஒட்டிக்கிட்டு இருப்பான்."

பதினொரு வருடத்தில் நான் கழுவிய ஸ்லைட் தொண்ணூற்று நாலாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு. அவற்றில் ஒரு மனிதனுக்கு ஆறு போகம் வாங்கிக் கொடுத்தது நான் ஒழுங்காகக் கழுவாத ஒன்றுதான் என்பதால், ஓய்வு பெறுகிறபோது என் வேலைச் சுத்தத்தைப் பாராட்டித் தந்த கடிதத்தை நான் இன்னும் சட்டம் போட்டு மாட்டவில்லை.